அப்பா வந்தார், அம்மா வந்தாள்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு மெய்ப்புத் திருத்துநரின் திறந்த மடல்

பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கும், அவற்றுக்குப் படம் வரையும் ஓவியர்களுக்கும், கடைசியில் கையெழுத்திட்டு அச்சுக்கு அனுப்பும் குழுவினருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது. என் பென்சில் தெரியும். 'இங்கே க் மிகும்', 'இந்தப் படம் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும்' என்று ஓரத்தில் கிறுக்கி அனுப்புகிற ஆள் நான். தொடக்க வகுப்பு நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்தே என் கண்ணாடி தடித்துப்போனது.

போன ஆண்டு வந்த ஒரு நூலின் மெய்ப்போடு ஒரு குறிப்பும் இருந்தது: 'மரியாதை விகுதி நூல் முழுக்க ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்கவும்.' சாதாரண வேலைதான். ஓரிடத்தில் 'ஆசிரியர் சொன்னார்' என்றும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் வந்துவிடக் கூடாது அல்லவா, அதற்காக. சரி என்று உட்கார்ந்து, படர்க்கை வினைமுற்றுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சுழித்துக்கொண்டே போனேன்.

அப்பா வந்தார். தாத்தா சிரித்தார். மருத்துவர் சோதித்தார். அரசர் ஆணையிட்டார். அம்மா வந்தாள். பாட்டி சொன்னாள். செவிலி மருந்து கொடுத்தாள். அரசி அழுதாள்.

சீராகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாடங்களை எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஆனாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு தடுமாற்றம்கூட இல்லை. அப்பாவுக்கு 'ஆர்', அம்மாவுக்கு 'ஆள்'. என் வேலைப்படி பார்த்தால் பிழை ஏதுமில்லை. நானும் இத்தனை ஆண்டுகளாக அப்படியே தாண்டிப் போயிருக்கிறேன்.

'ஆர்' பலர்பால் விகுதி. மரியாதைக்காக ஒருவருக்குப் பயன்படுத்துகிறோம். ஆண்களுக்கென்று யாரும் அதைப் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. அம்மாவை ஒருமையில் சொல்வது நெருக்கத்தால் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், கடவுளையே 'நீ' என்று கூப்பிடுகிற மொழி இது. ஆனால் அந்த நெருக்கம் அப்பாவிடம் மட்டும் ஏன் வரவில்லை? அடுத்த நூலில் 'அப்பா வந்தான்' என்று எழுதிப் பாருங்கள். குழுக் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இலக்கணத்தில் எனக்கு நெடுநாளாகப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. 'நான் வந்தேன்' என்பதில் சொல்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. 'நீ வந்தாய்' என்பதிலும் தெரியாது. தன்மைக்கும் முன்னிலைக்கும் பால் காட்டும் விகுதி கிடையாது. ஒருவர் தன்னைப் பற்றிப் பேசும்போதும், நாம் அவர் முகம் பார்த்துப் பேசும்போதும் அது தேவைப்படவில்லை. அவர் எழுந்து வெளியே போன பிறகு, அவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லும்போதுதான் ஆனும் ஆளும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. (இந்த மடலை எழுதுவது ஆணா பெண்ணா என்று நான் இதுவரை சொல்லவில்லை. நீங்கள் இந்நேரம் முடிவு செய்திருப்பீர்கள். இருக்கட்டும்.)

குழந்தை இன்னும் சுவாரசியம். 'குழந்தை அழுதது' என்கிறோம். அஃறிணை முடிவு. ஆண், பெண் என்ற பேச்சே இல்லை, வெறும் அழுகை மட்டும். அது எவ்வளவு நேரம் வெறும் அழுகையாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் உண்டு. 1976இல் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி என்ற அமெரிக்க உளவியலாளர்கள், ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் படக்காட்சியை 200க்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெட்டியிலிருந்து பொம்மை ஒன்று திடீரென்று துள்ளி எழும், குழந்தை வீறிடும். சிலரிடம் இது ஆண் குழந்தை என்றும் சிலரிடம் பெண் குழந்தை என்றும் சொல்லியிருந்தார்கள். ஆண் என்று கேட்டவர்கள் அந்த அழுகையில் கோபத்தைப் பார்த்தார்கள், பெண் என்று கேட்டவர்கள் பயத்தை. குழந்தை ஒன்றுதான், கண்ணீரும் ஒன்றுதான்.

2000இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு 11 மாதக் குழந்தைகளின் தாய்மாரைப் பற்றியது. ஒரு சாய்தளத்தில் தங்கள் குழந்தை எவ்வளவு செங்குத்து வரை தவழ்ந்து இறங்கும் என்று அவர்களை முன்கூட்டியே கேட்டார்கள். ஆண் குழந்தைகளின் தாய்மார் உள்ளதைவிட அதிகமாக மதிப்பிட்டார்கள், பெண் குழந்தைகளின் தாய்மார் குறைவாக. சாய்தளத்தில் விட்டுப் பார்த்தால் இரண்டு தரப்பும் ஒரே மாதிரிதான் தவழ்ந்தன. அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தத் தாயும் மகளைத் தாழ்த்த நினைத்துப் பதில் சொல்லியிருக்க மாட்டார். 'விழுந்துவிடும், பார்த்து' என்ற அக்கறையாகத்தான் அது வெளிப்பட்டிருக்கும்.

இந்தக் குழந்தைகள்தான் ஐந்து வயதில் உங்கள் கைக்கு வருகிறார்கள்.

ஐந்து வயது என்பதை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். 2017இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்றில், 'ரொம்ப ரொம்பக் கெட்டிக்கார' ஆள் ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, படங்களைக் காட்டி, அது யாராக இருக்கும் என்று குழந்தைகளிடம் கேட்டார்கள். ஐந்து வயதில் சிறுவர்கள் ஆண்களைக் காட்டினார்கள், சிறுமிகள் பெண்களைக் காட்டினார்கள். அவரவர் கட்சிக்கு அவரவர், நியாயம்தானே. ஆறு, ஏழு வயதில் சிறுமிகள் தங்கள் கட்சியைக் கைவிடத் தொடங்கியிருந்தார்கள். கெட்டிக்காரர்களுக்கான விளையாட்டு என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தால் அதில் அவர்களுக்கு ஆர்வமும் குறைந்தது. அது அமெரிக்காவில் செய்த ஆய்வு. எல்லா இடத்திலும் அதே வயதில் அப்படியே நடக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யோசித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் மேசையில் கிடக்கும் மெய்ப்புக் கட்டுதான்.

பழி முழுவதையும் நூலின் தலையில் கட்டப் போவதில்லை. வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது, திரை இருக்கிறது, பொம்மை விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மனப்பாடம் செய்யச் சொல்லி, திரும்ப எழுதினால் மதிப்பெண்ணும் கொடுப்பது பாடநூல் ஒன்றுதான்.

அப்புறம் ஒரு நாள் வினைகளை மட்டும் தனியாக எழுதிப் பார்த்தேன். வினையின் வாலிலேயே பால் தொங்குவதால் தமிழில் இது எளிது. பெயரைப் பார்க்கவே வேண்டாம். ஒரு பக்கம் ஆன், மறுபக்கம் ஆள். ஏறினான், தாவினான், கண்டுபிடித்தான், ஏன் என்று கேட்டான், வென்றான். பெருக்கினாள், அடுக்கினாள், தம்பியைப் பார்த்துக்கொண்டாள், வியந்தாள், பயந்தாள், கைதட்டினாள். இரண்டு பட்டியலையும் மடித்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கதைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்ல கதைகள்தான். வரிசையாக வைத்தால்தான் ஒருத்தி எப்போதும் கீழே நின்று கைதட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது.

கணக்கு நூல் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே யாரும் கவனிப்பதில்லை. அப்பா மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டுகிறார். அம்மா 3 மீட்டர் துணியை நான்காக வெட்டுகிறாள். ஓட்டப் பந்தயத்தில் ஓடுவது அண்ணன், பூக்களைச் சமமாகப் பிரிப்பது தங்கை. குழந்தையின் புத்தி முழுவதும் விடையில் இருக்கும்போது, கார் யாருடையது, ஊசி யாருடையது என்பது கேள்வி கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது.

இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை தொலைபேசியில் சொல்லியும் இருக்கிறீர்கள். 'சமூகம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் எழுதுகிறோம். நூல் ஒரு கண்ணாடி.'

கண்ணாடி என்றால், சூரியன் பூமியைச் சுற்றுவதாக அல்லவா நீங்கள் எழுத வேண்டும்? ஜன்னலைத் திறந்தால் எல்லோருக்கும் தெரிவது அதுதானே.

நம்முடைய எண்ணத்தை வெளியே இருக்கும் பொருளின் மீது பூசிவிட்டு, அதையே இயற்கை என்று படித்துக் காட்டுகிற பழக்கம் மிகப் பழையது. எனக்குப் பிடித்த உதாரணம் தேனீ. அரிஸ்டாட்டில் தேன்கூட்டைப் பற்றி நிறைய யோசித்தவர். கூட்டை ஆள்வது ராஜா என்றுதான் அவர் எழுதினார். சரி, மற்ற தேனீக்கள் ஆணா, பெண்ணா? அவற்றுக்குக் கொடுக்கு இருக்கிறது. இயற்கை எந்தப் பெண்ணுக்கும் ஆயுதம் கொடுப்பதில்லை. ஆகவே பெண்ணாக இருக்க முடியாது. ஆணா என்றால், அவை குஞ்சுகளை வளர்க்கின்றன. எந்த ஆணும் அந்த வேலையைச் செய்வதில்லை. ஆகவே ஆணாகவும் இருக்க முடியாது. கடைசியில் தாவரங்களைப் போல இரண்டும் ஒரே உடலில் கலந்தவையாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

எவ்வளவு பெரிய மூளை, எவ்வளவு நேர்மையான தர்க்கம், பாருங்கள்! படிகளில் தவறில்லை. முதல் படியில் வைத்த இரண்டு வாக்கியங்கள்தான் தவறு. அந்த இரண்டும் தேன்கூட்டிலிருந்து வந்தவை அல்ல, தெருவிலிருந்து வந்தவை. 1609இல் இங்கிலாந்தின் சார்லஸ் பட்லர் அந்த 'ராஜா' பெண் என்று எழுதினார். அதே நூற்றாண்டில் டச்சு நாட்டின் யான் சுவாமர்டாம் உருப்பெருக்கியின் கீழே அறுத்துப் பார்த்துச் சினைப்பையைக் கண்டார். வேலைக்காரத் தேனீக்களும் பெண்கள்தான். கொடுக்கு என்பதே முட்டையிடும் உறுப்பு மாறி உருவானது. அதனால் கொட்டக்கூடியவை பெண் தேனீக்கள் மட்டுமே. ஆண் தேனீக்கு ஆயுதமே கிடையாது.

உங்கள் அறிவியல் நூலில் இராணித் தேனீ என்று சரியாகத்தான் இருக்கிறது, திருத்தம் வேண்டாம். நான்கு பக்கம் தள்ளிப் போனால் 'ஆண் சிங்கம் காட்டின் அரசன்' என்று இருக்கும். சிங்கம் பெரும்பாலும் காட்டில் அல்ல, புல்வெளியில் வாழ்வது. கூட்டத்துக்கான வேட்டையில் பெரும்பங்கு பெண் சிங்கங்களுடையது. அதையும் ஓரத்தில் எழுதினேன். 'வழக்கு' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. இன்னும் மேல்வகுப்புக்குப் போனால் கருத்தரிப்புப் பாடம். அமெரிக்க மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல் உயிரியல் பாடநூல்களின் நடையை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். விந்தணு நீந்துகிறது, போராடுகிறது, துளைக்கிறது, கருமுட்டை காத்திருக்கிறது. உயிரணுக்களுக்குக்கூட மாப்பிள்ளை வேடமும் மணப்பெண் வேடமும் போட்டுவிட்டோம் என்பதுதான் அதன் சாரம். முட்டையும் விந்தணுவைப் பிடித்துப் பிணைக்கிறது என்று ஆய்வுகள் காட்டிய பிறகும் நடை எளிதில் மாறவில்லை.

வரலாற்று நூலுக்கு ஒன்று. ஸ்வீடனில் பிர்கா என்ற இடத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வைக்கிங் எனப்படும் பழைய வடஐரோப்பியக் கடலோடிகளின் புதைகுழி ஒன்றைத் தோண்டினார்கள். வாள், கோடரி, அம்புகள், இரண்டு குதிரைகள். ஆயுதங்களைப் பார்த்தார்கள், ஆண் என்று எழுதிக்கொண்டார்கள். எலும்புகளைப் பார்த்த ஒருவர் 1970களிலேயே சந்தேகம் எழுப்பினார். யாரும் காது கொடுக்கவில்லை. 2017இல் மரபணு ஆய்வு அது பெண் என்று உறுதி செய்தது. உடனே, அவர் உண்மையிலேயே போர் செய்தாரா, அந்த ஆயுதங்கள் அவருடையவைதாமா என்று வாதம் கிளம்பிவிட்டது. நல்ல கேள்விகள்தான். ஆண் என்று நம்பியிருந்த நூற்றுச்சொச்சம் ஆண்டுகளில் இவற்றைப் பெரிதாக யாரும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

கணினிப் பாடத்தையும் விட்டுவிட மாட்டேன். 1946இல் அமெரிக்காவில் எனியாக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். விழாவில் அவர்களை யாருக்கும் அறிமுகப்படுத்தவில்லை. நிரல் எழுதுவது அப்போது எழுத்தர் வேலை மாதிரி, பெண்களுக்கு ஏற்றது என்று கருதப்பட்டது. அதில் பணமும் மதிப்பும் சேரச் சேர அது ஆண்களுக்கு ஏற்றதாக மாறிவிட்டது. அந்த நாட்டில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1984இல் 37 விழுக்காடு அளவில் இருந்தது; 2010 வாக்கில் 18 ஆகச் சுருங்கியது. பெண்களின் மூளை இருபத்தைந்து ஆண்டுகளில் பாதியாகியிருக்க வாய்ப்பில்லை. வீட்டுக் கணினியைச் சிறுவர்களின் விளையாட்டுப் பொருளாகவே விளம்பரம் செய்ததை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

உடல் வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. சராசரி உயரம், தசை வலு, கருவுறுதல், பாலூட்டல் எல்லாம் இருக்கின்றன. ஆனால் துடைப்பம் பிடிக்கத் தனிக் குரோமோசோம் ஒன்றும் இல்லை.

நீங்கள் முயற்சி செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நூலிலும் 'ஆணும் பெண்ணும் சமம்' என்று ஒரு பாடம் வைத்திருக்கிறீர்கள். விமானி ஒரு பெண், விண்வெளி வீரர் ஒரு பெண், ஏப்ரன் கட்டிய ஒரு அப்பா. பாடம் முடிந்து பக்கத்தைத் திருப்பினால் அம்மா மறுபடியும் அடுப்படியில். ஏதோ ஒரு நாள் விருந்துக்குப் போய் வந்த மாதிரி. பத்துப் பக்கங்களில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு ஒரு பக்கத்தில் மாற்றிச் சொன்னால் குழந்தை எதை நம்பும்? அது கணக்கு தெரிந்த குழந்தை.

'அம்மா வேலைக்குப் போகவில்லை, வீட்டில் இருக்கிறாள்' என்ற வாக்கியத்துக்கு மட்டும் ஒரு திருத்தம் கொடுத்துவிடுகிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 64 நாடுகளின் தரவை வைத்து 2018இல் சொன்னது: ஊதியமில்லாத பராமரிப்பு வேலைக்கு ஒரு நாளில் செலவாகும் நேரம் 1,640 கோடி மணி. உலகக் கணக்கில் அந்த வேலையின் 76.2 விழுக்காட்டைச் செய்பவர்கள் பெண்கள். 'இருக்கிறாள்' என்பது அங்கே பொருத்தமான வினையா என்று பாருங்கள்.

ஆண் பிள்ளைகளைப் பற்றி அதிகம் பேசாமல் வந்துவிட்டேன். நூல் முழுக்க நிமிர்ந்து நிற்கிற அந்தப் பையனைப் பார்த்தால் எனக்கு இப்போது பாவமாக இருக்கிறது. ஏறுகிறான், வெல்கிறான், காப்பாற்றுகிறான். ஒரு பக்கத்திலாவது 'எனக்குப் பயமாக இருக்கிறது, கூட வருகிறாயா' என்று கேட்கிறானா? கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைக்கிறானா? அவன் அழுதால், 'ஆண் பிள்ளை அழலாமா' என்று அடுத்த வரியில் தாத்தா வந்துவிடுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் தற்கொலை செய்துகொண்டவர்கள் ஒரு லட்சம் ஆண்களில் 12.6 பேர், ஒரு லட்சம் பெண்களில் 5.4 பேர். காரணங்கள் பல. துணை கேட்பது கேவலம் என்று சின்ன வயதில் படித்தது அவற்றில் ஒன்றாக இருக்கக் கூடாதே என்று எனக்குப் பதைக்கிறது.

இரண்டு பட்டியலிலும் இடமில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். 'என்னைப் பற்றி' என்ற பயிற்சியில் 'நான் ஒரு ___ (சிறுவன் / சிறுமி)' என்று கோடு போட்டிருக்கிறீர்கள். பிறந்தபோது அடுத்தவர் சொன்ன பால் தன்னுடையதில்லை என்று உணரும் குழந்தைக்கு அந்தக் கோடு நீளமானது. பாலின அடையாளம் பொருந்தாமையை உலக சுகாதார நிறுவனம் மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்த மாற்றத்தை 2019இல் ஏற்றார்கள், 2022இல் நடைமுறைக்கு வந்தது. திருநங்கை, திருநம்பி என்று கண்ணியமான சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. செய்தித்தாளில் வருகின்றன, உங்கள் நூலில்தான் இல்லை. அந்தப் பயிற்சியில் பாலைக் கேட்டே ஆக வேண்டிய அவசியம் என்ன? 'நான் ___இல் கெட்டிக்கார ஆள்' என்று கேட்டால் போதாதா? முன்பு சொன்னேனே, 'நான்' என்ற சொல்லுக்குப் பால் இல்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும், விடுங்கள்.

என் வேண்டுகோள்கள் பெரியவை அல்ல. அம்மாவுக்கும் 'ஆர்' போடுங்கள், இல்லை இருவரையும் ஒரே மாதிரி எழுதுங்கள். 'எதிர்பால் எழுதுக' பயிற்சியில் ஆசிரியர் என்ற சொல்லுக்கு விடையாக ஆசிரியை என்று எதிர்பார்க்காதீர்கள். ஆசிரியர் ஏற்கெனவே இருவருக்கும் பொது. (மனைவியை இழந்தவருக்குத் தபுதாரன் என்று ஒரு சொல் அகராதியில் இருக்கிறது. கைம்பெண் தெரிந்த எத்தனை பேருக்கு அது தெரியும் என்று உங்கள் குழுவிலேயே கேட்டுப் பாருங்கள்.) 'பெண் மருத்துவர்' என்று படத்தின் கீழே எழுத வேண்டாம், படத்தில்தான் தெரிகிறதே.

கணக்குக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். கணக்கை எழுதும்போது பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விடுங்கள். எல்லாக் கணக்கையும் எழுதி முடித்த பிறகு ஒரு காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் ஆண் பெயர், பூ விழுந்தால் பெண் பெயர். யார் கார் ஓட்டுவது, யார் துணி வெட்டுவது என்பதைக் காசு பார்த்துக்கொள்ளும். நானே ஒரு பழைய நூலை எடுத்து இப்படிச் செய்து பார்த்தேன். ஓரிடத்தில் தாத்தா பூத்தொடுத்தார், பாட்டி ஏணியில் ஏறிக் கூரை அளந்தார். ஒரு விடையும் மாறவில்லை.

உங்கள் புதிய பதிப்பின் மெய்ப்பு அடுத்த மாதம் வரும் என்று சொன்னார்கள். ஒற்றுப்பிழைக்கு வழக்கம்போல் பக்கக் கணக்கில் கூலி வாங்கிக்கொள்கிறேன். ஆன், ஆள், ஆர் மூன்றையும் வண்ணப் பென்சிலில் சுழித்துத் தருவேன், அதற்குக் கூலி வேண்டாம். ஓரத்தில் நான் போட்ட கேள்விக்குறிகளை இந்த முறையாவது அழிக்காமல் குழுவின் முன் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மெய்ப்புத் திருத்துநர்